சிலைகளுக்கு ரவிக்கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து கற்சிலைகளுக்கு ரவிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றவர்களுக்கு இந்த ஜூன் மாதத்தில்தான் மேலாடை தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்று வீடியோ கேம் செய்கிறது. நான்கு லெவல்கள். முதலில் ஓவியம் தீட்டிய சமணக் குகை, அடுத்து சோழர் காலக் கோயில், மூன்றாவது நாயக்கர் மண்டபம், கடைசியாகத் தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம். வாங்கப்போவது ஒரு தனியார் பள்ளிக் குழுமம். அவர்களுக்கு ஆலோசகர் முனைவர் வத்சலா. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோயில் லெவலைப் பார்த்துவிட்டு அவர் அனுப்பியது ஒரே வரி. எந்தப் பெண் உருவமும் மேலாடை இல்லாமல் இருக்கக் கூடாது.

தயாரிப்பாளர் வரதன் அதைப் படித்துக் காட்டினார். பிள்ளைகள் கோயிலுக்குப் போனால் இதே சிலைகளைத்தானே பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"கோயில்ல பார்த்தா சாமி. ஸ்கிரீன்ல பார்த்தா கம்ப்ளெய்ன்ட்" என்றார்.

நான் இங்கே இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். நிரந்தரம் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது ஜூலை முதல் வாரம் தெரியும். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 5, வியாழன்

கல்லில் துணி ஒட்ட மறுக்கிறது. எல்லா அம்மன்களும் மழையில் நனைந்து பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஒவ்வொரு சிலையாக உட்கார்ந்து துணி வரைவது மடத்தனம். வார இறுதியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். எந்த உருவத்துக்கு ‘பெண்’ என்று குறி இருக்கிறதோ, அதன் தோளையும் மார்பையும் அதுவே அளந்து மேலாடையைப் போட்டுவிடும். கல்லென்றால் கல் நிறம், சுவரோவியமென்றால் காவி நிறம். கேமுக்குள் வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் மாட்டிய பழைய கோட்டோவியங்களைக்கூட விடாது. முழு கேமுக்கும் ஒரே அழுத்தல். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

வரதன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஸ்கிரிப்டுக்கு ஆபீஸில் ‘ரவிக்கை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏப்ரலில் இருந்து என் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவுக்காரர் இன்று ஜெபிலா என்று சரியாகச் சொன்னார்.

பொய் எழுத மாட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஷாஹுல் எங்கள் டெஸ்டர். திருவல்லிக்கேணிக்காரன். கேமை விளையாடிப் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை. அதோடு எங்களைக் கிண்டல் செய்வதையும் சம்பளத்துக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னா ஜெபி, உன் ரவிக்கை சிவனைக்கூட வுட்டு வைக்கலையே" என்றான்.

போய்ப் பார்த்தேன். கோயில் சுவரில் அர்த்தநாரி. பாதி உடம்பு ஆண், பாதி பெண். ஸ்கிரிப்டுக்குப் பாதி தெரியாது. முழு ரவிக்கை, இரண்டு கைக்கும். பாதியாக வெட்டிக் காட்டினேன். அது இன்னும் விகாரமாக இருக்கிறது என்றார் வரதன். கடைசியில் அர்த்தநாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தூணை வைத்தோம். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பு என்று எவனோ உட்கார்ந்து யோசித்துச் செதுக்கியிருக்கிறான். நாங்கள் யோசித்தது தூண்.

குகையில் நிற்கும் தீர்த்தங்கரர் ஆண். என் ஸ்கிரிப்ட் அவரைத் தொடவில்லை. இடுப்பில் ஒரு துண்டு கட்டிவிடச் சொன்னார் வரதன். எல்லாவற்றையும் துறந்தவருக்கு நான் துண்டு கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். விடுதியில் காலை பத்து மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. கடைசி சுடிதாரில் சோப்பு அப்படியே இருக்கிறது.

அம்மா அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். வார்டன் வராந்தாவில் நடக்கும்போதெல்லாம் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் சாப்பிடும்போது பக்கத்து இருக்கைப் பெண் எனக்கு எந்த ஊர் என்று கேட்டாள். நாகர்கோவில் பக்கம் என்றேன். எந்தப் பக்கம் என்றாள். பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். சென்னையில் யாரும் சாதி கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், அப்பா என்ன செய்தார் என்று கேட்பார்கள். அப்புறம் கேட்க எதுவும் மிச்சம் இருக்காது.

அம்மா போன் செய்தாள். முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை அவளுக்கு. அந்த ஆலையை எங்கள் பக்கம் அண்டியாபீஸ் என்போம். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியில் தோல் நிற்பதில்லை. ரேஷன் கடை மெஷின் அவள் விரலை யாருடையது என்று தெரியாமல் திருப்பி அனுப்புகிறது.

"நீ நிலையாயிட்டா நான் இத விட்டிருவேன் மக்களே. கை ஒண்ணுக்கும் ஆவல்ல" என்றாள்.

அடுத்த மாதம் தெரிந்துவிடும் என்று சொன்னேன். ஜெபம் பண்ணிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஜூன் 18, புதன்

நான்காவது லெவல் இன்று ஷாஹுலிடம் போனது. கொஞ்ச நேரத்தில் என் மேஜைக்கு வந்தான்.

"ஐம்பது வருஷச் சண்டைய உள்ள நுழையறதுக்குள்ள முடிச்சு வுட்டுட்ட ஜெபி. வந்து பாரு."

அந்த லெவலின் கதை இதுதான். பனையேறிக் குடும்பங்களின் பெண்கள். மேல்சாதிக்காரன் எதிரே வந்தால் அவர்கள் தோளில் துணி இருக்கக் கூடாது. இருந்தால் எடுத்துவிட வேண்டும். மரியாதை என்று அதற்குப் பெயர். துணியை எடுக்க மாட்டோம் என்று அந்தப் பெண்கள் எதிர்த்தார்கள். சந்தையில் மேல்சாதிக்காரர்கள் அவர்கள் மேல்துணியைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். கடைசியில் அனுமதி கொடுத்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். விளையாடும் பிள்ளை அந்தப் பெண்களில் ஒருத்தியாக நடக்க வேண்டும். பெண்கள் தோளில் துணி ஏறிவிட்டால் வெற்றி.

என் ஸ்கிரிப்ட்தான் எல்லோருக்கும் துணி போட்டுவிட்டதே. கதவைத் திறந்து உள்ளே போனதும் திரையில் பூ கொட்டியது, நாதஸ்வரம் ஊதியது. ‘வாழ்த்துகள். பெண்கள் மேலாடை அணியும் உரிமையை வென்றுவிட்டார்கள்.’

ஷாஹுல் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

காட்சிக்கூடத்திலும் அதே கூத்து. குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் பழைய கோட்டோவியம். கீழே ‘மேலாடை மறுக்கப்பட்டவள்’ என்று எழுதியிருக்கிறது. மேலே கை வைத்த, கழுத்து மூடிய, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. நான் போட்டது.

இது லாஜிக் பிரச்சினை, அவ்வளவுதான். எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை. மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

வரதனின் அறையில் கூட்டம். போராட்டக் கதையை எடுத்துவிட்டு, பனங்காட்டில் கருப்பட்டி சேகரிக்கும் போட்டியாக மாற்றிவிடலாம் என்றார். பனைமரம் ஏற்கெனவே செய்தாயிற்று, வீணாகாது.

அந்தப் பெண்களைக் கருப்பட்டி பொறுக்க விடுவதற்குப் பதில் லெவலையே தூக்கிவிடலாம் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. எந்தச் சண்டையும் தன் அறைக்கு வெளியே நடந்தால் போதும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"லெவல் இருக்கணும். உடம்பு தெரியக் கூடாது. மேடம் ஜூலை ரெண்டாம் தேதி வர்றாங்க. அதுக்குள்ள முடிஞ்சா செய், இல்லன்னா கருப்பட்டி. இதை வச்சுத்தான் உன் ரிவ்யூவும் இருக்கும், பார்த்துக்கோ" என்றார்.

ஜூன் 21, சனி

அந்தப் பெண்ணைப் பின்னாலிருந்து காட்டிப் பார்த்தேன். ஒளிந்து நின்று பார்ப்பது மாதிரி இருக்கிறது. நிழலாகக் காட்டினேன். அது அதைவிட மோசம். வாழையிலையை, குடத்தை, கூந்தலை முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். காலண்டர் படம். எல்லாவற்றையும் அழித்தேன்.

ஜூன் 23, திங்கள்

பேருந்தில் எனக்கு எதிரே ஒருவன் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். துப்பட்டா சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கை தானாகப் போய் அதைச் சரிசெய்தது. நான் பார்த்தால் அவன் திரும்பிக்கொள்ளவில்லை. சாவகாசமாகப் பார்த்தான், தன் வீட்டுச் சுவரைப் பார்ப்பது மாதிரி.

மத்திய கைலாஷ் நிறுத்தத்தில் இறங்கும்போது ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் என் உடம்பு என் கண்ணில் படவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் அவன் முகத்தை.

அவளைக் காட்ட வேண்டாம். அவள் கண்ணால் காட்டினால் போதும்.

ஜூன் 27, வெள்ளி

நான்கு நாளாக வேறு எந்த வேலையும் செய்யவில்லை. லெவல் நடக்கிறது.

இப்போது விளையாடுபவர்தான் அந்தப் பெண். திரையில் அவள் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் தெரியும். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் கைதை என்று நாங்கள் சொல்லும் தாழம்புதர், தூரத்தில் கிணறு, தன் இடுப்பில் குடத்தின் வாய். பாதை திரும்பும் இடத்தில் நான்கு ஆண்கள். அவர்களைப் பார்த்ததும் குடம் இறங்கிவிடும். திரையின் கீழே ஒரு பொத்தான் வரும். ‘துணியை எடு.’ அதை அமுக்கினால் ஒன்றும் தெரியாது. அந்த நான்கு முகங்களிலும் பார்வை ஒரு முறை கீழே இறங்கி மேலே வரும், அவ்வளவுதான். அதன்பிறகு வழி விடுவார்கள். அமுக்காவிட்டால் வழி இல்லை, தண்ணீர் இல்லை. கடைசியில் ஒரு காலை, எல்லாப் பெண்களும் சேர்ந்து நடந்து வரும்போது மட்டும் அந்தப் பொத்தான் வராது.

முகங்களுக்குத்தான் நேரம் பிடித்தது. கோபமாகச் செய்தால் வில்லன் ஆகிவிடுகிறார்கள். சாதாரணமாக இருக்க வேண்டும். அந்தப் பேருந்துக்காரன் மாதிரி.

பாதைக்கும் கிணற்றுக்கும் குடத்துக்கும் நான் எந்தப் படத்தையும் தேடவில்லை. அதனால் வேகமாக முடிந்தது. பொத்தான் சரியாக வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். செய்கிறது.

சாயங்காலம் ஷாஹுல் விளையாடினான். ஏதாவது சொல்வான் என்று பக்கத்தில் நின்றேன். முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"எங்கம்மாவை இதை விளையாட வுட மாட்டேன்" என்றான். பிழை எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். அம்மாவிடம் பேசவில்லை. புதனோ வியாழனோ நல்ல செய்தியோடு பேசலாம் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள்.

ஜூலை 2, புதன்

வத்சலா மேடம் வந்தார். காட்டன் புடவை, மெல்லிய குரல். எல்லோரையும் ‘நீங்க’ என்றார், டீ கொண்டுவந்தவரையும். நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன்.

முதல் மூன்று லெவல்களையும் வேகமாகப் பார்த்தார். தூண் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்கவில்லை. நான்காவதை அவரே விளையாட வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். கண்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று ஷாஹுல் காட்டிக்கொடுத்தான்.

நன்றாகத்தான் நடந்தார். வழியில் நின்று கிணற்றையும் பனைகளையும் பார்த்து அழகாக இருப்பதாகச் சொன்னார். திருப்பத்தில் அந்த நான்கு பேர் வந்தார்கள். குடம் இறங்கியது. பொத்தான் வந்தது.

அவர் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது. அமுக்கவில்லை. திரையில் நான்கு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அவசரம் இல்லாமல் காத்திருக்கும்படிதான் செய்திருக்கிறேன்.

"இதை அமுக்காம போக வழி இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை மேடம். அமுக்கலைன்னா தண்ணி கிடையாது."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாம். குழந்தைங்களுக்கு இது வேண்டாம்."

"மேடம், இதுல எதுவுமே தெரியலையே" என்றேன்.

"தெரியுது" என்றார்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வரதனோடு தனியாகப் பேசிவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் தோளைத் தொட்டு, ரொம்ப நல்லா செய்திருக்கீங்க என்றார். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

வரதன் உற்சாகமாக இருந்தார். மேடம் ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். லெவல் போகலாம். பாதை, கிணறு, பொத்தான், எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த நான்கு ஆண்களின் முகத்தை மட்டும் மறைத்துவிட வேண்டும். நெற்றியில் இருப்பதையும் தோளில் இருப்பதையும் சேர்த்து.

"மங்கலாக்கினா போதும். உன் ரவிக்கையையே கொஞ்சம் மாத்தி ஆம்பளை மூஞ்சிக்குப் போட்டுடு. அரை நாள் வேலை."

"எதுக்கு மறைக்கணும்?"

"நாளைக்கு ஒரு பேரண்ட் வந்து, எங்க ஆளுங்களைக் காட்டிட்டீங்கன்னு நிப்பாங்க."

"அப்போ அவளைப் பார்த்தது யாரு?"

"யாரோ. அந்தக் காலத்து ஆளுங்க. அப்படியே விடேன் ஜெபி."

ஒரு மாதமாக எதை மறைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பு யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. கல்லாக இருக்கும்போது அது யாருடையதும் இல்லை, துணியைப் போட்டு மூடிவிடலாம். இதில் பார்த்தவனுக்கு முகம் இருக்கிறது. அந்த முகத்துக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

முடியாது என்றேன்.

"உனக்கு இது பர்சனல்னு தெரியும். நீ மார்த்தாண்டம் பக்கம்தானே. ரெஸ்யூம்ல போட்டிருக்கியே. அதனாலதான் இந்த லெவலை உனக்குக் கொடுத்தேன்" என்றார் வரதன். அன்பாகத்தான் சொன்னார்.

மூன்று மாதமாக நான் எழுந்து கை கழுவப் போனதெல்லாம் நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஆமா. அந்தக் குடத்தை எடுத்துட்டுப் போறவ எங்க வீட்டு ஆளு. அவ மேல நீங்க என்ன வேணா போடுங்க. அவங்க மூஞ்சியை நான் மூட மாட்டேன்" என்றேன்.

வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ளலாமே என்று கேட்டார். செய்துகொள்ளுங்கள், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எழுந்து என் இருக்கைக்குப் போனேன்.

ஜூலை 4, வெள்ளி

ஷாஹுல், அந்த வேலையை வரதன் தன்னிடம் தள்ளப் பார்த்ததாகவும், தனக்கு அந்த ஸ்கிரிப்ட் புரியவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். அவனுக்கு அது நன்றாகப் புரியும்.

மதியம் முடிவு வந்தது. நான்காவது லெவல் ‘அடுத்த கட்டத்துக்கு’ ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கட்டம் என்று எதுவும் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் தகுதிகாண் காலம் டிசம்பர்வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. காரணம், குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை.

நாயக்கர் மண்டபத்தில் புதிதாகச் சேர்த்த தூண் சிற்பங்களுக்கு ரவிக்கை இன்னும் பாக்கி.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னேன். முதலில் நிரந்தரம் ஆகவில்லை என்பதை. அப்புறம் ஏன் என்பதை. கேம் என்றால் என்ன, லெவல் என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் பாதி வாளி காலியாகிவிட்டது. பாதையை, கிணற்றை, நான்கு பேரை, பொத்தானைச் சொன்னேன். மேடம் கண்ட்ரோலரைக் கீழே வைத்ததைச் சொன்னேன்.

டிசம்பர்வரை இன்னும் எத்தனை மூட்டை கொட்டை என்று அவள் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் யாரோ வீட்டுக் கோழி கத்தியது.

"அப்ப அந்த மேடம் அமுக்கல்ல" என்றாள்.

"இல்லம்மா."

"நீ அமுக்கினியா?"

கையில் ஈரத்துணியோடு நின்றேன். அந்த நான்கு நாளும் அந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட என் விரல் நிற்கவில்லை.

"எத்தனையோ தடவ. சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்லா."

"அவளும் அப்பிடித்தான் அமுக்கியிருப்பா மக்களே" என்றாள் அம்மா. "தண்ணி வேணும்லா."

பிறகு, நெத்திலி தீர்ந்ததா என்று கேட்டாள். இன்னும் பிரிக்கவே இல்லை என்றேன். பூசணம் பிடிக்காமல் வெயிலில் வைக்கச் சொன்னாள். நாளைக்குத் திங்கள், வெள்ளன அண்டியாபீஸ் போக வேண்டும், போனை வைக்கிறேன் என்றாள்.

"எனக்கும் ஆபீஸ் போணும்மா" என்றேன்.